கண்ட கண்ணுக்குப் பங்கு

நீங்களும் என் வயதுக்காரர் என்றால், எண்பதுகளில் லண்டனில் வளர்ந்தவர் என்றால், வாசல் மணி அடித்ததும் டீவியின் சத்தத்தைக் குறைக்கும் வீடு எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. முதலில் சத்தம் குறையும். பிறகு முன்னறை விளக்கு அணையும். பிறகு யாராவது ஒருவர் ஜன்னலின் வலைத் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்ப்பார். வந்தவர் ஜன்னல் துடைக்கிறவராக இருப்பார், அல்லது தேவாலயத்துத் துண்டுப் பிரசுரம் கொடுக்கிறவராக இருப்பார். அவர் தெரு முனையைத் தாண்டும் வரை விளக்கைப் போட மாட்டோம்.

எங்கள் வீட்டில் அந்த விரல் அப்பாவுடையது. மிச்சம் என்ற லண்டன் புறநகரில் ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. அப்பா படிக்க வந்து, கவுன்சிலில் கணக்கு வேலையில் சேர்ந்து, முறையான விசாவோடு இருந்தவர். அவருக்குப் பயப்பட ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் கோயிலில் யாராவது “நீங்கள் எவடம்?” என்று கேட்டால் மாவட்டத்தை மட்டும் சொல்வார். டூட்டிங்கில் மீன் வெட்டித் தருகிறவர் பிள்ளையின் பள்ளிக்கூடம் எது என்று விசாரித்தால் அடுத்த வாரம் வேறு கடைக்குப் போவோம். ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த செய்திகளை நினைத்தால் அவரை முழுதாகக் குற்றம் சொல்லவும் முடியாது. சந்தேகப்பட்டவர்கள் பிழைத்தார்கள் என்று அவர் நம்பினார்.

மாமா வந்தது ஒரு கோடையின் முடிவில். அம்மாவின் தம்பி. அம்மா வன்னிப் பக்கம், காட்டை ஒட்டிய கிராமம். அப்பாவுக்கு அம்மாவைப் பிடிக்கும், அவருடைய ஊரைப் பிடிக்காது. யாராவது கையில் சட்டியோடு நின்றபடி சாப்பிட்டால், செருப்பில்லாமல் பின்வளவுக்குப் போனால், “காட்டுப் பழக்கம்” என்பார். மாமா வந்த பிறகு அந்தச் சொல்லுக்கு ஓய்வே இல்லாமல் போனது.

முதல் நாள் சாப்பாட்டு மேசையில் அப்பா அவருக்குச் சட்டங்களைச் சொன்னார்.

“தம்பி, உம்மட அகதிக் கேஸ் முடியிற வரைக்கும் வேலை செய்யக் கூடாது. கொஞ்சக் காலம் போனால் லோயர் அனுமதி கேட்டு எழுதுவார், அதுவரைக்கும் ஒருத்தரிட்டையும் கை நீட்டாதையும். பொலிஸ் கண்ணில படக் கூடாது. ஒரு சின்னப் பதிவு விழுந்தாலும் பிளேனில ஏத்தி விட்டிடுவாங்கள்.”

“ஏத்தி விட்டால்?” என்று நான் கேட்டேன். எனக்குப் பத்து வயது.

அம்மா மாமாவின் தட்டில் இன்னொரு துண்டுப் புட்டு வைத்தார். மாமாவின் கூட்டாளி ஒருவர் வெளிநாட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கொழும்பில் இறங்கி, வீட்டுக்கு வந்து சேரவேயில்லை என்பதைப் பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டுத்தான் அறிந்தேன்.

மாமாவின் நெற்றியிலிருந்து காதுக்குப் பின்வரை ஒரு தழும்பு ஓடியது. அந்த இடத்தில் முடி முளைக்காது. லோயரைப் பார்க்கப் போவதற்கு முதல்நாள் அப்பா அதைப் பற்றிப் பேசினார்.

“உந்தக் காயத்தைக் கட்டாயம் கேப்பான். ஆமி அடிச்சதெண்டு சொல்லும்.”

“தேன் எடுக்கேக்க கரடி அடிச்சது, அத்தான்.”

“கரடியெண்டு சொன்னால் வெள்ளைக்காரன் சிரிப்பான். இது கேஸ், விளங்குதோ?”

“ஆமி அடிச்சது முதுகில கிடக்கு. அதைக் காட்டுறன். கரடி செய்ததை என்னெண்டு ஆமியின்ர கணக்கில போடுறது?”

“கரடி கோவிச்சுக்கொள்ளும்” என்றார் அம்மா குசினி அடுப்படியிலிருந்து.

மாமா லோயரிடம் கரடி என்றே சொன்னார். லோயர் சிரிக்கவில்லையாம், எழுதிக்கொண்டாராம். அப்பாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. “கரடி இவ்வளவு நேராக் கீறுமோ? எனக்கெண்டால் நம்பிக்கையில்லை” என்று அம்மாவிடம் தனியாகச் சொன்னார். மாமா எதையோ மறைக்கிறார் என்ற எண்ணம் அன்றைக்கே அவருக்குள் இடம்பிடித்துவிட்டது.

வேலை இல்லாத மாமா நடந்தார். மிச்சம் பொதுவெளியில் பெருங்காற்றில் விழுந்த மரமொன்றைக் கவுன்சில் ஆட்கள் வெட்டிக் குவித்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு கொப்பைத் தூக்கி வந்தார். அந்த மரத்தின் பெயர் அவருக்குத் தெரியாது. வளைத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பொய்லர் இருக்கும் அலுமாரிக்குள் சாய்த்துவைத்தார். காய்ந்ததும் குசினிக் கத்தியால் சீவி, உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டினார். பின்வளவின் கல்லில் மெல்லிய சுருள்களாக மரத்தூள் விழுந்துகொண்டேயிருந்தது. மீன் பிடிக்கிற நைலோன் நூலைப் பல புரியாகத் திரித்து நாண் ஆக்கினார். தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுக்க விற்கும் மூங்கில் குச்சிகள் அம்பாகின. குளத்தங்கரையில் வாத்துகள் உதிர்த்த இறகுகள் அவற்றின் வாலாகின.

வில் அவருடைய பாட்டன் காலத்துச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் ஊரில் வேட்டைக்குத் துவக்குத்தான் வைத்திருந்தார்கள். துரு ஏறிய பழைய துப்பாக்கிகள். சண்டை தொடங்கியதும் ஆமி வந்து கொஞ்சத்தை வாங்கிக்கொண்டு போனது. மிச்சத்தை இயக்கப் பெடியள் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். காட்டில் மானும் மரையும் அப்படியே நின்றன, கையில்தான் ஒன்றும் இல்லை. வில்லு கட்டத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, வளர்ந்த ஆண்களெல்லாம் பிள்ளைகளைப் போலப் புதிதாகப் பழகினார்களாம். மாமா பழகியது அப்படித்தான்.

ஒருநாள் அப்பா வேலையிலிருந்து வந்து பின்கதவைத் திறந்தபோது, இலவசப் பத்திரிகைகள் திணித்த சாக்கு ஒன்று வேலியோரம் தொங்கியது. மாமா இந்தப் பக்கம் நின்றார்.

“இதென்ன?”

“வில்லு, அத்தான்.”

“வில்லெண்டு எனக்கும் தெரியுது. என்னத்துக்கு?”

“விட்டால் கை மறந்திடும்.”

“மறக்கட்டும்.”

ஆனால் மாமா விடவில்லை. எய்த பிறகு அவர் அம்பைப் பார்க்க மாட்டார், சாக்கையே பார்த்துக்கொண்டு நிற்பார். அது விழுந்து எழும்பி ஓடக்கூடும் என்பது போல. ஒருமுறை அம்பு சாக்கின் ஓரத்தில் பட்டு வேலியைத் தாண்டிப் போனது. பக்கத்து வீட்டு மனுசி, தனியே இருந்த வெள்ளைக்காரக் கிழவி, அதை இரண்டு விரலால் பிடித்து வேலிக்கு மேலால் நீட்டினார். “இதெல்லாம் வைத்திருக்க உங்களுக்கு அனுமதி உண்டா?” என்று கேட்டார். அப்பா பலமுறை மன்னிப்புக் கேட்டார். அந்த மனுசிக்கு ஒரு செம்மஞ்சள் பூனை இருந்தது. நாங்கள் மீன் சமைக்கும் நாட்களில் அது எங்கள் குசினி வாசலில் இருக்கும்.

அந்தக் காலத்தில்தான் மாமா சனிக்கிழமைகளில் காணாமல் போகத் தொடங்கினார். விடிய முன்னர் போவார், இருட்டிய பின் வருவார்.

“எங்க போட்டு வாறீர்?”

“சும்மா நடந்திட்டு வாறன்.”

“சும்மா நடக்கிற ஆளுக்கு முழங்கால் வரைக்கும் சேறோ?”

மாமா குளியலறைக்குள் போய்விடுவார். அவருடைய கோட்டில் ஈர இலையும் நாயும் கலந்த ஒரு மணம் இருந்தது. எங்கள் தெருவில் யாரிடமும் நாய் இல்லை.

அப்பாவுக்கு விடை உடனே கிடைத்துவிட்டது. அந்தக் கோடையின் கடைசி நாட்களில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ரிச்மண்ட் பார்க்குக்குப் போயிருந்தோம். மாமா நாட்டுக்கு வந்து சில நாட்கள்தான். எல்லோரும் கட்டுச்சோற்றைப் பிரிக்க, மாமா மட்டும் எழும்பிப் போய், காய்ந்த புல்லைக் கிள்ளி, வேட்டைக்காரர் செய்வதுபோல் காற்றில் விட்டுத் திசை பார்த்தார். மான்கள் சற்றுத் தள்ளி, அசையாமல், எங்களைக் கவனிக்காமல் படுத்திருந்தன.

“இவ்வளவு கிட்டக் கிடக்குது. ஒருத்தரும் ஒண்டும் செய்யிறேல்லையோ?”

“டேய், அது மகாராணியின்ர மான். தொட்டால் தலை போகும்” என்றார் அப்பாவின் நண்பர் ஒருவர்.

“மகாராணி இறைச்சி சாப்பிடுறவவோ?”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. வில்லையும் சேற்றையும் சனிக்கிழமையையும் அந்தப் புல்லோடு சேர்த்து, மாமா ராணியின் மானை வேட்டையாடுகிறார் என்ற முடிவுக்கு வந்திருந்தார். வில் எல்லாச் சனிக்கிழமையும் எங்கள் பின்வளவுக் கொட்டிலிலேயே இருந்தது. அவர் போய்ப் பார்க்கவில்லை.

குளிர் இறுகிய பிறகு ஒரு சனிக்கிழமை மாமா முதுகில் கனமான பையோடு வந்தார். குசினித் தரையில் பத்திரிகைத் தாளை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கருஞ்சிவப்பு இறைச்சி. வீட்டுக்குள் இரும்பின் மணமும் குளிர்ந்த மண்ணின் மணமும் பரவின. அம்மா குனிந்து முகர்ந்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். கலியாணம் கட்டி வந்த பிறகு அவர் அந்த இறைச்சியைக் கண்டதில்லை.

“மானோ?”

“பெட்டை. நல்ல கொழுப்பு. இஞ்சத்த மானுக்குக் கோடையில மட்டும்தான் புள்ளியாம், அக்கா. மாரியில அழிஞ்சு போகுமாம்.”

“எங்கத்த மான்?” அப்பா வாசலில் நின்றார்.

“தந்தது.”

“ஆர் தந்தது?”

“ஒராள்.”

அதற்கு மேல் மாமா வாயைத் திறக்கவில்லை. அப்பா முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு அம்மா வறுத்த மிளகாய்த்தூளைக் கூடுதலாகப் போட்டு வைத்த குழம்பின் மணம் தெருவின் மறுமுனை வரை போயிருக்கும். அப்பா இறைச்சியைத் தொடவில்லை. குழம்பை மட்டும் சோற்றில் விட்டுக்கொண்டார், இரண்டு தரம். மிஞ்சியதை மாமா நீளக் கீலங்களாக வெட்டி, உப்பும் மஞ்சளும் பூசி, ஹீட்டருக்கு மேலே நூல் கட்டித் தொங்கவிட்டார்.

அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து அம்மா ஒரு கேள்வி கேட்டார்.

“கொண்டு வரேக்க ஆரும் கண்டதோ?”

“பக்கத்து வீட்டு மனுசி. குப்பை போட வந்தவ. பையையே பாத்துக்கொண்டு நிண்டவ.”

“அப்ப குடுக்கத்தானே வேணும்.”

அது அவர்கள் ஊர் வழக்கம். வேட்டை இறைச்சி வீட்டுக்கு வரும் வழியில் எவர் கண்ணில் படுகிறதோ அவருக்கு ஒரு பங்கு. அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், வேண்டியவரானாலும் வேண்டாதவரானாலும். கண்ட கண்ணை வெறுங்கையாக விட்டால் அடுத்த வேட்டை வாய்க்காது. ஒளித்துக் கொண்டுவருகிறவன் திருடன், காட்டி, பங்கும் கொடுத்துவிட்டு வருகிறவன்தான் வேட்டைக்காரன் என்று இருவருமே நம்பினார்கள். அம்மா ஒரு நல்ல துண்டை, தொடையெலும்போடு, பத்திரிகைத் தாளில் சுற்றினார். ஞாயிறு காலை மாமா கொண்டுபோய் மணி அடித்தார். மனுசி திறக்கவில்லை. பால் போத்தல் வைக்கும் இடத்தில் வைத்துவிட்டு வந்தார்.

இதற்கு இரண்டொரு நாள் முன்னதாக அந்த மனுசியின் பூனை காணாமல் போயிருந்தது. தெரு விளக்குக் கம்பங்களில் அறிவித்தல் ஒட்டியிருந்தார். அம்மாவுக்கும் மாமாவுக்கும் ஆங்கிலம் வாசிக்க வராது. “வடிவான படம்” என்று அம்மா சொல்லியிருந்தார்.

ஆக, பூனையைத் தேடித் தேடி அழுத ஒரு கிழவி, ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தபோது, இரத்தம் கசிந்த ஒரு பொதி காலடியில் கிடந்தது. வைத்தவர், வில் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்.

மத்தியானம் பொலிஸ்காரர் வந்தார். தனியாக, நல்ல உயரம், தொப்பி ஒரு கக்கத்தில், பொதி மறு கையில். முன்னறையில் நின்றபடி அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னார். அப்பா மாமாவின் பக்கம் திரும்பினார்.

“நீர் அந்த மனுசியின்ர பூனையை அடிச்சுக் கொண்டனீரோ?”

“பூனையோ?” மாமா அம்மாவைப் பார்த்தார். “அக்கா, இஞ்ச பூனையும் தின்னுறவையோ?”

பொலிஸ்காரர் தாளைப் பிரித்து எலும்பைத் தூக்கிப் பார்த்தார். வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. இந்த அளவுக்குத் தொடை உள்ள பூனையை நான் பார்த்ததில்லை, இது மான், என்றார். அப்பாவும் சிரித்தார். சிரித்து முடிவதற்குள் அடுத்த கேள்வி வந்தது. மான் எங்கிருந்து கிடைத்தது?

அப்பா அதைத் தமிழில் கேட்டார். மாமா இந்த முறை மறைக்கவில்லை. பொலிஸ் கேட்கிறது, சொல்லித்தான் ஆகவேண்டும் என்று நினைத்திருப்பார். குளத்தடியில் இறகு பொறுக்கும்போது நாயோடு வந்த ஒரு வயதான வெள்ளைக்கார ஐயா பழக்கமானார். சனிக்கிழமைகளில் மோர்டன் ஸ்டேஷன் வாசலில் வந்து காரில் ஏற்றிப்போவார். டோர்க்கிங் பக்கத்துக் காடு. மான் பெருகிவிட்டால் சுட்டுக் குறைக்க அவருக்கு உரிமை இருக்கிறது. பரண் கட்டி, அதிலிருந்து ரைபிளால் சுடுவார். இந்த நாட்டில் வில்லால் மானை எய்வது குற்றம், அதைக் கொண்டுவரவே கூடாது என்று முதல் நாளே கையால் காட்டிச் சொல்லிவிட்டார். அவருக்கு இடுப்பு நோ, இழுத்துவர ஏலாது. “நான் இழுத்து வந்து, உரிச்சுக் குடுப்பன். எனக்குப் பங்கு தந்தவர்.”

அப்பா அதைக் கேட்டு முடித்தார். அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று பார்த்தேன். வந்தது வேறு. உண்மையைச் சொன்னால், அனுமதி இல்லாமல் வேலை செய்தவர். சொல்லாவிட்டால், மான் திருடியவர். இரண்டுக்கும் நடுவில் அப்பா ஆங்கிலத்தில் ஒரு வசனம் கண்டுபிடித்தார்: “யாரோ ஒரு நண்பர் கொடுத்தாராம். பெயர் தெரியாதாம்.”

இவ்வளவு நீளமாகப் பேசியது இவ்வளவு சிறிதாகிவிட்டதைப் பொலிஸ்காரரும் கவனித்தார். அவர் அப்பாவைப் பார்க்கவில்லை, மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ரிச்மண்டில் மான்களைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கும், அவர்களில் யாராவது வந்து பேசக்கூடும் என்றார். வில்லைக் கேட்டார். அப்பா ஓடிப்போய் எடுத்து வந்தார். மாமா அதை வாங்கி, நாணைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தார்.

கதவு சாத்தியதும் தொடங்கியது.

“வேலை செய்யாதையும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்?”

“வேலையில்லை, அத்தான். பங்கு.”

“பங்கெண்டாலும் அவன் சம்பளமெண்டுதான் எழுதுவான். சரி, அந்த ஆளின்ர பேர் என்ன? அட்ரஸ் என்ன?”

“ஐயா எண்டுதான் கூப்பிடுறனான். வயசுபோன மனுசனிட்டப் பேர் கேக்கிறதோ?”

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். “இப்பிடி ஒரு ஆள் உண்மையில இருக்கிறானோ எண்டே எனக்குத் தெரியாது.”

“இருங்கோ, இருங்கோ” என்றார் அம்மா. “அவன் கரடியையே மாத்திச் சொல்லாதவன்.”

அந்த வார நடுவில் பூனை வந்துவிட்டது. யாருடையதோ கராஜுக்குள் அடைபட்டிருந்ததாம். பக்கத்து வீட்டு மனுசி பிஸ்கட் டின்னோடு வந்து, முகம் சிவக்க மன்னிப்புக் கேட்டார். அப்பா கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் இடுக்கால் டின்னை வாங்கினார். “உள்ளுக்குப் பாக்கத்தான் வந்தவள்” என்று அதை அலுமாரிக்கு மேலே வைத்தார். வரப்போகிற ரிச்மண்ட் ஆளைப் பற்றியே வீடு முழுக்க யோசனை. சனிக்கிழமை மாமா எங்கும் போகக் கூடாது என்று உத்தரவு. மோர்டனில் ஐயா குளிருக்குள் காத்து நிற்பாரே என்றார் மாமா. நிற்கட்டும் என்றார் அப்பா.

அந்தச் சனிக்கிழமை முற்பகல், அப்பாவின் விரல் வலைத் திரையில் நின்றுவிட்டது. நானும் கீழேயிருந்து பார்த்தேன். பச்சைக் கோட்டும் தொப்பியும் போட்ட உயரமான வெள்ளைக்காரர் ஒருவர், ஒரு கறுப்பு நாயோடு, பக்கத்து வீட்டு மனுசியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். மனுசி நீளமாகப் பேசினார். பிறகு எங்கள் வீட்டைக் கையால் காட்டினார்.

“வந்திட்டான். நாயும் கொண்டு வந்திருக்கிறான்” என்றார் அப்பா. “தம்பி, உள்ளுக்கு.”

மாடிப்படிக்குக் கீழே ஒரு அலுமாரி இருந்தது. தூசி உறிஞ்சும் ஹூவரும் அரிசி மூட்டையும் அங்கேதான். மாமா குனிந்து உள்ளே போனார். வரும் ஆள் யார் என்று அவர் பார்க்கவில்லை, முன்னறை ஜன்னலுக்கு வர அவரை அப்பா விடவில்லை. அம்மா அலுமாரிக் கதவைச் சாத்தினார்.

மணி அடித்தது. அப்பா சங்கிலியோடு திறந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

வந்தவர் மாமாவின் பெயரைக் கொஞ்சம் உடைத்துச் சொல்லி, அவர் இங்கேதானே இருக்கிறார் என்று கேட்டார். ஒருமுறை மழைக்குள் இந்தத் தெரு முனையில் இறக்கிவிட்டாராம். இன்று ஸ்டேஷனில் காணவில்லை. பொலிஸ் வந்துபோனதாகப் பக்கத்து வீட்டு அம்மையார் சொல்கிறார். தன்னால்தான் கரைச்சல் என்றால், தானே அவரோடு பொலிஸுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லத் தயார்.

நான் இன்றைக்கும் அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதுண்டு. உதவ வந்த ஒருவர் சொல்லக்கூடியதும் அதுதான். ஆளை நைசாக வெளியே எடுக்க வந்த அதிகாரி சொல்லக்கூடியதும் அதுதான். அப்பா பின்னதைக் கேட்டார்.

“அவர் இங்கே இல்லை. கனடாவுக்குப் போய்விட்டார்.”

வந்தவர் போகத் திரும்பினார். நாய் திரும்பவில்லை. கதவிடுக்கில் மூக்கை நுழைத்து, மாடிப்படிப் பக்கம் பார்த்து, உடம்பு முழுக்க ஆட வாலை ஆட்டியது. அவர் நாயைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். அவர் கனடாவிலிருந்து வந்தால், நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்றார். நாயை இழுத்துக்கொண்டு போனார். அது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தது.

அலுமாரிக் கதவைத் திறந்ததும் மாமா சொன்னார், “ஐயா வந்தவர்.”

அப்பா அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். “உன்ர ஐயாவோ அது?” நீர் போய் நீ ஆகியிருந்தது. “தெரிஞ்சால் ஏன் வெளியில வரேல்லை?”

“நீங்கள் கனடா எண்டு சொல்லிப்போட்டியள். பிறகு நான் என்னெண்டு வந்து நிக்கிறது? உங்கட வாசலில, ஒரு வெளியாளுக்கு முன்னால?”

அப்பா முன்னறைக்குள் போனார். கொஞ்சம் கழித்து வெளியே வந்து, தானாகவே பேசத் தொடங்கினார். உண்மையான ஆளென்றால் ஏன் முதலில் பக்கத்து வீட்டில் விசாரிக்க வேண்டும்? நாய் எதற்கு? பொலிஸும் அவனும் ஒன்றாக இருந்தால்?

“ஓடிப் போய்ப் பார், தம்பி” என்றார் அம்மா. மாமா செருப்பில்லாமல் தெரு முனை வரை ஓடினார். கார் போய்விட்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை யாரையும் கேட்காமல் மோர்டனுக்குப் போனார். ஸ்டேஷன் வாசலில், பஸ்கள் திரும்பும் இடத்தில், காலை முழுக்க நின்றார். ஐயா வரவில்லை. கனடாவுக்குப் போனவரை யார் மோர்டனில் தேடுவார்கள்? அதற்கடுத்த சனிக்கிழமையும் போய் நின்றார். டோர்க்கிங்குக்கு ரயிலில் போய்க் காட்டுப் பாதைகளில் நடந்தும் பார்த்தார். காரில் போன வழி ரயிலில் போனவருக்குப் பிடிபடவில்லை.

ரிச்மண்ட் ஆள் எப்போது வருவான் என்று அப்பா ஒவ்வொரு நாளும் காத்திருந்தார். அவருக்குத் தூக்கமே போய்விட்டது. பதிவு விழுந்துவிட்டது, இனி இந்தக் கேஸ் நிற்காது என்று தனக்குத் தானே தீர்மானித்து, மாமாவை உண்மையிலேயே கனடாவுக்கு அனுப்ப வெம்பிளிப் பக்கத்தில் ஏஜென்ட் ஒருவரைப் பிடித்தார். மாமா எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. “நான்தான் போயிட்டனே, அத்தான்” என்றார். அதைக் குத்தலாகச் சொன்னாரா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியாது.

லோயருக்குச் சொல்லாமல், வேறு ஒருவரின் பாஸ்போர்ட்டில், வேறு ஒருவரின் கோட்டில் போனார். வழியில் எங்கோ பிடித்து வைத்தார்கள், விட்டார்கள், திரும்பப் பிடித்தார்கள். செய்தி இல்லாத அந்த மாதங்களில் அம்மா இறைச்சி சமைக்கவில்லை. கடைசியில் டொரோண்டோவில் போய்ச் சேர்ந்து, சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை பார்த்து, அங்கேயே வயதானார். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. நான் சொல்ல வந்தது அதற்கு முன், அவர் போய்ச் சில வாரங்களில், அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாத காலத்தில் நடந்தது.

பின்னேரம். லோயரிடமிருந்து போன் வந்தது. அப்பா நின்றபடியே கேட்டார், ஓம் போட்டார், கனடா என்றார், வைத்தார்.

“ஆர்?” அம்மா மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்.

“லோயர். தம்பிக்கு வேலை செய்ய அனுமதி வந்திருக்காம். கேசிலும் ஒரு பிரச்சினையும் இல்லையாம். பொலிசால ஒரு முறைப்பாடும் இல்லையாம்.”

அம்மாவின் கத்தி நின்றது.

அப்பா போனுக்குப் பக்கத்திலேயே நின்று யோசித்தார். “பொலிஸ் வந்துபோன வீடு. அப்பிடியிருந்தும் இவ்வளவு கெதியாக் குடுத்திருக்கிறாங்கள். இதுக்குள்ள என்னவோ இருக்கு. பிடிக்கத்தான் கூப்பிடுறாங்கள்.”

“ஓம்” என்றார் அம்மா. “ஆரைப் பிடிக்க?”